பூட்டிய போனா, பூட்டில்லாத போனா? கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு செல்போன் பாடம்

கம்ப்யூட்டர் இதழில் செல்போனுக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலருடைய வீட்டில் இன்டர்நெட் வருவதே செல்போன் வழியாகத்தான். இமெயில் கணக்கு திறந்தாலும், பேங்க் கணக்கைக் கம்ப்யூட்டரில் பார்த்தாலும் ஓடிபி வந்து நிற்பது செல்போனில்தான். போன் கையை விட்டால் கம்ப்யூட்டரும் பாதி முடங்கிவிடும். எனவே போனை எப்படி வாங்குவது என்பதும் கம்ப்யூட்டர் பாடத்தின் ஒரு பகுதியே.

இந்தப் பாடத்தை எழுதத் தூண்டியவர் எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் ஒரு நெசவாளர். என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பதால் அவர் என்னை சார் என்பார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மகனுக்காக வாங்கினார். நெய்து முடித்த சேலைகளைப் படம் எடுத்து வெளியூர்க்காரர்களுக்கு அனுப்பவும் அது உதவியது. இன்டர்நெட் இணைப்புக்காக ஒரு கடையில் தவணையில் ஸ்மார்ட் போன் எடுத்தார். ஒரு கார்த்திகை மாதக் காலையில் அதைக் கையில் பிடித்தபடி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சார், போன் பூட்டிக்கிச்சு. பாஸ்வேர்டு கேக்கல. பணம் கட்டுன்னு எழுதியிருக்கு."

என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பூட்டு என்றால் என்ன என்று பார்ப்போம்.

பூட்டுகள் இரண்டு வகை

முதலாவது சிம் பூட்டு. ஒரு கம்பெனியின் சிம் கார்டை மட்டுமே ஏற்றுக்கொள்ளும்படி போனை அமைத்து விற்பது. வேறு கம்பெனியின் சிம்மைப் போட்டால் போன் உயிரோடு இருக்கும், ஆனால் நெட்வொர்க் கிடைக்காது.

இரண்டாவது தவணைப் பூட்டு. இதில் எந்த சிம்மையும் போடலாம். ஆனால் கடன் கொடுத்த நிறுவனம் போனுக்குள் ஒரு செயலியை நிறுவியிருக்கும். தவணை தவறினால் அந்தச் செயலி திரையை மறைத்துவிடும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பாவு, ஊடை, ஜரிகை மூன்றையும் முதலாளி கொடுத்தால், நெய்த சேலை அவருக்குத்தான் போகும். விலை அதிகம் தருகிறார் என்று அடுத்த கடைக்குக் கொடுக்க முடியாது. சொந்தக் காசில் பட்டு வாங்கி நெய்தால் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஆனால் அதற்குக் கையில் முதல் வேண்டும். பூட்டிய போன் முதலாளி கொடுத்த பாவு. பூட்டில்லாத போன் சொந்தப் பாவு. இரண்டிலும் நன்மை உண்டு, கஷ்டமும் உண்டு.

நம் நாட்டில் பூட்டு வந்த கதை

2003 ஜூலையில் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் 501 ரூபாய் முன்பணத்துக்கு செல்போன் கொடுத்தது. மீதியை மாதாமாதம் கட்ட வேண்டும். செல்போன் என்பது பணக்காரர் பொருளாக இருந்த காலத்தில் அது பெரிய விஷயம். ஆனால் அது சிடிஎம்ஏ தொழில்நுட்பம். அக்காலத்து சிடிஎம்ஏ போன்கள் பலவற்றில் சிம் கார்டு கிடையாது. எண் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும். கம்பெனியை மாற்றினால் போனையும் மாற்ற வேண்டியதுதான்.

2008 ஆகஸ்ட் 22 அன்று ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தது. ஏர்டெல், வோடபோன் இரண்டும் விற்றன. 8 ஜிபி போன் 31,000 ரூபாய். அதே போன் அமெரிக்காவில் 199 டாலர்! நம் ஊரில் பலர் கோபப்பட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் அந்த விலைக்கு வாங்கியவர் 2 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போன் விலையின் மீதிப் பகுதி மாதாந்திர பில்லுக்குள் ஒளிந்திருந்தது. போனுக்குக் குறைந்த விலை சொன்னால் மீதி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும் என்பதுதான் இதில் பாடம்.

2017இல் ஜியோபோன் வந்தது. 1,500 ரூபாய் டெபாசிட். 3 ஆண்டு கழித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும் என்பது திட்டம். இதில் ஜியோ சிம் மட்டுமே வேலை செய்யும். 2023இல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் போனும் இதே வகைதான். இவை போன்றவற்றை விட்டுவிட்டால், நம் ஊர்க் கடைகளில் விற்கும் ஸ்மார்ட் போன்களில் பெரும்பாலானவற்றுக்கு சிம் பூட்டு இல்லை. இப்போது நாம் அதிகம் பயப்பட வேண்டியது தவணைப் பூட்டுக்குத்தான்.

பூட்டில்லாத போனின் அருமை

இதை 2018 பிப்ரவரியில் தமிழ்நாடே பார்த்தது. 1999இல் தமிழ்நாட்டில் சேவை தொடங்கிய ஏர்செல் திடீரெனப் படுத்துவிட்டது. பல இடங்களில் சிக்னல் இல்லை. அந்த மாதக் கடைசியில் கம்பெனி திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. மக்கள் மற்ற கம்பெனிகளின் கடைவாசலில் வரிசையில் நின்றார்கள். ஆனாலும் அவர்களில் பெரும்பாலோர் போனைத் தூக்கி எறியவில்லை. எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றி, அதே போனில் புது சிம்மைப் போட்டுக்கொண்டார்கள். எண் மாற்றும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் வந்திருந்தது. எண்ணும் போனும் அவரவர் கையில் இருந்ததால்தான் சேதம் அதோடு போனது.

எனக்கு இது அனுபவப் பாடம். ஒரு காலத்தில் நானும் ஒரு கம்பெனியின் சிடிஎம்ஏ போன் வைத்திருந்தேன். அந்தக் கம்பெனி சேவையை நிறுத்தியதும் நல்ல நிலையில் இருந்த போன் மேஜை மேல் காகிதம் பறக்காமல் இருக்க வைக்கும் எடைக்கல் ஆனது.

கணக்குப் போடுவோம்

இப்போது ஒரு பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 தீபாவளிக்கு ஜியோபோன் நெக்ஸ்ட் வந்தபோது ரொக்க விலை 6,499 ரூபாய். தவணையில் எடுத்தால் 1,999 ரூபாய் முன்பணம், 501 ரூபாய் செயல்பாட்டுக் கட்டணம், பிறகு மாதம் 300 ரூபாய் வீதம் 24 மாதம் என்பது ஒரு திட்டம்.

1,999 + 501 + (300 × 24) = 9,700 ரூபாய்.

ரொக்க விலையைவிட 3,201 ரூபாய் கூடுதல். இதை 24ஆல் வகுத்தால் மாதம் சுமார் 133 ரூபாய். அதற்குள் மாதம் 5 ஜிபி டேட்டாவும் 100 நிமிடப் பேச்சும் அடக்கம். கொஞ்சமாகப் பேசுகிறவருக்கு இது மோசமான பேரம் இல்லை. ஆனால் போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் எடுப்பவருக்கு 5 ஜிபி எந்த மூலைக்கு? விண்டோஸ் அப்டேட் ஒன்றே அதில் பெரும் பகுதியை விழுங்கிவிடும்.

இன்னொரு கணக்கு. இது எந்தக் கடையின் விலையும் அல்ல, பயிற்சிக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். ரொக்க விலை 10,000 ரூபாய். தவணையில் முன்பணம் 2,500, கட்டணம் 500, மாதம் 750 வீதம் 12 மாதம். மொத்தம் 12,000. "வருஷத்துக்கு 2,000தானே கூடுதல்" என்று தோன்றும். ஆனால் முதல் நாளே 3,000 கொடுத்துவிட்டீர்கள். உண்மையில் நீங்கள் வாங்கிய கடன் 7,000 மட்டுமே. அதற்கு 9,000 திருப்பிக் கட்டுகிறீர்கள், அதுவும் முதல் மாதத்திலிருந்தே. கணக்குப் பார்த்தால் மாதம் நூற்றுக்கு நாலு வட்டிக்குக் கொஞ்சம் மேலேயே வருகிறது. நாலு வட்டி என்று வாயால் சொன்னால் யாரும் வாங்க மாட்டோம். 750 ரூபாய் தவணை என்று சொன்னால் கையெழுத்துப் போடுகிறோம்.

வட்டியும் கட்டணமும் உண்மையிலேயே இல்லாத தவணை கிடைத்தால், மாதச் சம்பளக்காரர் தாராளமாக எடுக்கலாம். ரொக்க விலை என்ன என்று முதலில் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு தவணைக் கணக்கைக் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் வட்டி இல்லை என்று பொருள்.

அண்ணனுக்கு என்ன நடந்தது?

நெசவாளருக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலை முடிந்தால் கூலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு போட முடியாது. குழித்தறியில் ஈரம் ஏறும். பத்து நாளில் முடிய வேண்டிய சேலை இருபது நாள் இழுக்கும். தவணைத் தேதிக்கு மழை தெரியாது. அண்ணன் ஒரு தவணை தவறினார், திரை மூடிக்கொண்டது. போனில்தான் வாட்ஸ்அப், யுபிஐ, பேங்க் ஓடிபி எல்லாம். சேலையைப் பார்த்து முன்பணம் அனுப்ப இருந்த வெளியூர்க்காரர் பதில் வராததால் வேறு இடத்தில் வாங்கிவிட்டார். அந்த முன்பணம் வந்திருந்தால் தவணையையே கட்டியிருப்பார்!

சிம்மைக் கழற்றி என்னிடமிருந்த பழைய போனில் போட்டுக் கொடுத்தேன். ஓடிபி வந்தது. எண் அவருடையது, போன்தான் பூட்டியிருந்தது. நிலுவையைக் கட்டி இரண்டு நாள் கழித்தே பூட்டு திறந்தது.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

1. ரொக்க விலை, தவணையில் மொத்த விலை இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

2. தவணை என்றால், "ஒரு தவணை தவறினால் போன் என்ன ஆகும்? கட்டியபின் எத்தனை நேரத்தில் திறக்கும்? கடன் முடிந்ததும் செயலியை யார் நீக்குவார்கள்?" என்று கேளுங்கள். ஒப்பந்தத் தாளில் பதில் இருக்க வேண்டும்.

3. கடையிலேயே உங்கள் சிம்மையும், வேறு கம்பெனி சிம் ஒன்றையும் போட்டுப் பேசிப் பாருங்கள். சிம் பூட்டு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் பகுதிக்குப் போய் கேரியர் லாக் என்ற வரியைப் பாருங்கள். சிம் கட்டுப்பாடு இல்லை என்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்.

4. *#06# என்று டயல் செய்யுங்கள். 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துக்களை டைப் செய்து, இடம் விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போனின் விவரம் வரும். பழைய போன் வாங்குகிறவர்கள் இதைத் தவறவே கூடாது.

5. பூட்டில்லாத போன் எல்லாம் எல்லா நெட்வொர்க்கிலும் ஓடும் என்று நினைக்காதீர்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. எனவே 4ஜி வோல்டி வசதி இல்லாத பழைய போனில் ஜியோ சிம்மில் சாதாரணமாகப் பேச முடியாது.

6. வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் போன் என்றால் இன்னும் கவனம். பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் பூட்டிய போன் விற்கத் தடை உண்டு. அமெரிக்காவில் அப்படியில்லை, அங்கே கடன் முடியாத போன் பூட்டியே இருக்கலாம். அதைத் திறக்க வேண்டியது விற்ற கம்பெனிதான். அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14 முதலான மாடல்களில் சிம் போடும் இடமே இல்லை, இசிம் மட்டும்தான்.

எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்ற

போர்ட் என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து, இடம் விட்டு உங்கள் செல் எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். 8 எழுத்துக் குறியீடு வரும். நம் மாநிலத்தில் அது 4 நாள் செல்லும். அதற்குள் புதுக் கம்பெனியின் கடையில் அடையாள அட்டையுடன் கொடுக்க வேண்டும். இப்போதுள்ள கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு பில் பாக்கி இருக்கக் கூடாது. சிம்மைத் தொலைத்து மாற்று சிம் வாங்கியிருந்தால் 7 நாள் பொறுக்க வேண்டும். மோசடியைத் தடுக்க 2024 ஜூலையில் வந்த விதி இது.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியது

போனின் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்தபின், விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குச் செல்லுங்கள். இணைந்திருக்கும் வைஃபை பெயரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து மீட்டர்டு கனெக்ஷன் என்பதை ஆன் செய்யுங்கள். பெரிய அப்டேட்டுகள் பெரும்பாலும் தானாக இறங்காது. டேட்டா மிச்சமாகும்.

பயிற்சி

இந்த மாதம் உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொரு போனின் ஐஎம்இஐ எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்திலேயே சிம் யார் பெயரில் இருக்கிறது, தவணை எத்தனை பாக்கி என்றும் எழுதுங்கள்.

அண்ணன் எழுதிவிட்டார். தவணையும் முடித்துவிட்டார். செயலி நீங்கிவிட்டதா என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினார். வீட்டுக்காரம்மாவுக்கு இன்னொரு போன் வேண்டுமாம். "இந்தத் தடவை ரெண்டு சேலைக் கூலி சேரட்டும் சார், ரொக்கமா வாங்கிக்கலாம்" என்றார். வாங்கும்போது இரண்டு கம்பெனி சிம்களோடு நானும் கடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.