ஹெட் சீவும் முன்

தம்பி,

பெரகல ஏற்றத்தில் ஸ்ப்ளென்டர் பைக் இழுக்கவில்லை, எஞ்சின் ஹெட்டை இன்னொரு தடவை சீவித் தாருங்கள் என்று ஒருவர் வற்புறுத்துவதாக எழுதியிருந்தாய். லேத்துக்குக் கொடுத்துவிடாதே. முதலில் அளந்து பார்.

ஸ்ப்ளென்டரின் போர் 50 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 49.5. கணக்குப் போட்டால் 97.2 சீசீ. ‘நூறு சீசீ பைக்’ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அவர் கைவைக்கச் சொல்வதோ வேறு இடத்தில். பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகும் மேலே மிஞ்சுகிற சின்ன இடம். அமுக்க விகிதம் 9:1 என்று வைத்துக்கொள். ஒன்பதில் ஒன்றைக் கழித்து, 97.2ஐ 8ஆல் வகு: 12.15 சீசீ. ஹெட்டின் குழி, கேஸ்கட்டின் தடிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். 5 மில்லிலீற்றர் மருந்துக் கரண்டியால் இரண்டரைக் கரண்டிகூட வராது. அரை மில்லிமீற்றர் சீவினால் அதில் ஏறத்தாழ 1 சீசீ போய், விகிதம் 9.7 ஆகிவிடும்.

ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று கடல்மட்டத்தைவிட எட்டில் ஒரு பங்கு மெலிவு. இழுவை குறைய அதுவே போதும். பெற்றோல் கலவையும் தடித்துப்போகும். மேலேயே ஓடுகிற பைக் கொஞ்சம் கூடின விகிதத்தைத் தாங்கும். ஆனால் நம் ஹல்துமுல்லை ஆட்கள் காலையில் ஹப்புத்தளை, மத்தியானம் வெல்லவாய என்று போகிறவர்கள். கீழே காற்றும் கனம், வெயிலும் கடுமை. 92 ஒக்டேன் ஊற்றி, மரக்கறி மூட்டையும் கட்டிக்கொண்டு கொஸ்லந்தை வழியாகத் திரும்பி ஏறும்போது எஞ்சின் தட்டத் தொடங்கும். அதைக் கவனியாமல் ஓட்டினால் பிஸ்டன் தலை ஓட்டையாகிவிடும்.

அளப்பது இப்படி. கரியைச் சுத்தமாகச் சுரண்டு. வால்வுகளையும் பிளக்கையும் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வை. வாயைச் சுற்றி மெல்லிசாகக் கிரீஸ் பூசி, சின்னத் துளை போட்ட பேர்ஸ்பெக்ஸ் தகட்டை அழுத்து. துளைப் பக்கம் சற்று உயர்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் குமிழி உள்ளே தங்கிவிடும். பார்மசியில் 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச் வாங்கி, மண்ணெண்ணெய் நிரப்பி, மெதுவாக இறக்கு. போன மில்லிலீற்றர்தான் சீசீ. மண்ணெண்ணெய் வால்வு வழியாகக் கசிந்தால், வால்வையும் கிரைண்ட் பண்ணவேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

சிரிஞ்ச் வேண்டாம், ஊற்றிய எண்ணெயைத் தராசில் நிறுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. தண்ணீர்தான் ஒரு சீசீக்கு ஒரு கிராம். கடையில் வாங்கும் 750 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெய் 700 கிராம்கூட வராது, மண்ணெண்ணெய் அதைவிடவும் இலேசு.

அதே மாடலில் சீவாத ஹெட் ஒன்று தேடி, அதையும் அள. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏற்கெனவே சீவப்பட்டது. 1 சீசீ குறைந்திருந்தால் அரை மில்லிமீற்றர் தடிப்புக் கூடின கேஸ்கட் போட்டுச் சரிசெய்யலாம். அதோடு எயார் ஃபில்டர், காபரேட்டர் ஜெட், கிளட்ச் மூன்றையும் பார்த்துவிடு.

இரண்டு அளவையும் எழுதி அனுப்பு. என் பதில் வரும்வரை அந்த ஹெட் உன் மேசையிலேயே இருக்கட்டும்.