புகைமூட்டமும் நாட்கூலியும்

அறுவடைக்குப் பின் பஞ்சாப், அரியானா வயல்களில் எரிக்கப்படும் நெல் வைக்கோலின் புகை, வாகனப் புகையோடும் புழுதியோடும் கலந்து, காற்றோட்டம் குன்றிய அக்டோபர், நவம்பர் மாதங்களில் தில்லியின்மீது தேங்குகிறது. காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினால் நிலைமை கடுமையானதாகக் கொள்ளப்படும். அப்போது வீட்டினுள் இருத்தலும், சன்னல்களை அடைத்தலும், ஊதுவத்தி கொளுத்தாதிருத்தலும் நன்று. 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்களைக் கைக்குட்டை போதிய அளவு தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 முகக்கவசமே பயன்தரும்.

வீட்டினுள் இருக்குமாறு கூறுவது எளிது. கூலியின்றி இருப்பது எளிதன்று. புகை மிகும்போது கட்டுமானப் பணிகள் நிறுத்தப்படுகின்றன. அந்நாட்களுக்கு, கட்டடச் செலவின்மீது வசூலிக்கப்படும் தொழிலாளர் நல வரியினின்று பிழைப்பூதியம் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் ஆணையிட்டது. நல வாரியத்தில் பதிவு பெறாதவர்க்கோ அத்தொகை எட்டுவதில்லை. புகைக்காலம் முன்கூட்டியே தெரிந்ததாதலால், பதிவு முகாம்களைச் செப்டம்பரிலேயே நடத்தி முடித்தல் வேண்டும்.