ஊர்ப்பெயர் தேடுவோர்

1860ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னைத் துறையினின்று புறப்பட்டது. நவம்பர் 16ஆம் நாள் அது தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டுகள் உழைப்பதாக ஒப்பந்தம் செய்திருந்த முந்நூற்றுக்கு மேற்பட்டோர் அதினின்று இறங்கினர். 1911 வரை இவ்வாறு நேட்டால் நாடு சென்ற இந்தியர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவருள் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர். செங்கற்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டங்களின் சிற்றூர்களினின்று சென்றோரும் பலர்.

அவர்தம் வழித்தோன்றல்கள் பலர் தமிழ்மொழியை மறந்தனர், காவடியை மறந்திலர். எனினும், “நம் மூதாதையர் எவ்வூரினர்?” என்னும் வினா வீடுதோறும் எஞ்சி நின்றது.

அதற்கு விடை தருவது கப்பல் பதிவேடு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணிட்டு, பெயர், தந்தை பெயர், வயது, உடலடையாளம், மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவற்றை அதில் எழுதினர். எழுத்தர் தம் செவியில் விழுந்தவாறே ஆங்கிலத்தில் எழுதியமையால் பெயர்கள் உருமாறின. முதலி ‘மூட்லி’ ஆனார். கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார். தம் செலவில் சென்ற வணிகர் பெயர்களோ இப்பதிவேட்டில் இரா.

ஊர்ப்பெயர் கிடைத்தாலும் தேடல் முடிவதில்லை. சென்னையினின்று பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூருக்கு அண்மையில், தண்டலம் என்னும் ஊர் உள்ளது. திருப்போரூர்ப் பக்கத்திலும் ஒரு தண்டலம் உண்டு. இன்னும் பிறவும் உள. வட்டத்தின் பெயரை எழுத்தர் எழுதாது விட்டிருப்பின், வந்தவர் எத்தண்டலத்திற்குச் செல்வார்? மாவட்டப் பெயரும் முழுத்துணை ஆகாது. பழைய செங்கற்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. திருப்பெரும்புதூர் வட்டம் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது.

இத்தேடல் தமிழர்க்கே உரியதன்று. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பெரும்பஞ்சம் மூண்டது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் கடல் கடந்தனர். அவர் வழிவந்தோர் இன்றும் தம் ஊரைத் தேடி அங்குச் செல்கின்றனர். 1922ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து, பழைய மக்கட்கணக்கேடுகளிற் பெரும்பகுதி சாம்பலாயிற்று. ஆகவே அவர்கள் தேவாலய ஞானமுழுக்குப் பதிவேடுகளையே பெரிதும் நம்புகின்றனர். ஆயினும் ஒரு வகையில் அவர்கள் நற்பேறுடையர். பாட்டனோ பாட்டியோ அத்தீவில் பிறந்தவராயின், பேரன் முறைப்படி பதிவு செய்து அந்நாட்டுக் குடிமகனாகலாம். அங்கேயே குடியேறி வாழலாம்.

இந்தியாவின் சட்டம் வேறு. 2005 முதல் வழங்கப்படும் கடல்கடந்த இந்தியர் அட்டை பொதுவாகப் பூட்டன் பூட்டியர் வரையிலான உறவையே கணக்கிற் கொள்ளும். அட்டை பெற்றவர் இங்கு நெடுங்காலம் தங்கலாம். வாக்களிக்க இயலாது, விளைநிலம் வாங்கவும் இயலாது. முன்னோர் உழுத வயலை அடையாளம் கண்டவரும் அதனை விலைக்குக் கொள்ள முடியாது என்பது வருந்தத்தக்கதே.

தண்டலத்தை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் மோட்டார் வண்டிகள் உருவாகின்றன. வயல்கள் பல தொழிற்சாலைகளாயின. வேலை தேடி வடமாநிலத்தார் வந்து வாழ்கின்றனர். கடல் கடந்து வருவோர் இங்குக் குளத்தையும் கோயிலையும் உசாவுகின்றனர். உறவினர் எவரையும் காணாதவருள், முன்னோர் பெயரால் அருச்சனை செய்வித்து, கைப்பிடி மண்ணை எடுத்துச் செல்வோரும் உளர்.