கொடுக்காமல் விட்டதற்கும் காரணம் எழுது

மதுரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய எக்செல் ஷீட்டை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டேன். சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பதோடு நிற்காமல், எந்த டிரஸ்டுக்குக் கொடுத்தால் அந்தப் பணம் அதிகம் பேருக்கு உதவும் என்று நண்பர்கள் சேர்ந்து துருவித் துருவி விசாரித்திருக்கிறீர்கள். வேலைக்காலம் முழுக்க டிரஸ்ட் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் சொல்கிறேன், கோடிக்கணக்கில் கொடுக்கிறவர்களிடமே இந்தப் பொறுமையை நான் அதிகம் பார்த்ததில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். கோயம்புத்தூரில் உங்களைப் போலவே கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஒரு குழு இந்த ஷீட்டைக் கேட்கிறது. உங்களில் ஒருவர், "ராத்திரி பகலாக உழைத்தது நாம், அவர்கள் சும்மா வாங்கிக்கொண்டு போவதா?" என்கிறார். இன்னொருவர், "கொடுப்போம், ஆனால் பயன்படாமல் போன அந்த டேப்லெட் விவகாரத்தை எடுத்துவிட்டுக் கொடுப்போம்" என்கிறார். முதல் ஆளைச் சமாதானப்படுத்துவது சுலபம். எனக்குக் கவலை இரண்டாவது ஆளைப் பற்றித்தான்.

ஷீட்டைப் பூட்டி வைத்தால் என்ன நடக்கும்? கோவைக்காரர்கள் அதே டிரஸ்டுகளுக்குப் போன் போட்டு, அதே ஆண்டறிக்கையைக் கேட்பார்கள். நாலு பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன டிரஸ்டில் யாரோ ஒருவர் களத்து வேலையை விட்டுவிட்டு, உங்களுக்கு ஒருமுறை, அவர்களுக்கு ஒருமுறை என்று ஒரே பதிலை எழுதிக்கொண்டிருப்பார். அந்த நேரத்துக்கான சம்பளமும் நன்கொடைப் பணம்தானே.

அமெரிக்காவில் 2006 வாக்கில் ஹெட்ஜ் ஃபண்ட் வேலையில் இருந்த சில நண்பர்கள் நீங்கள் செய்ததையே செய்தார்கள். ஆளுக்கொரு துறையாகப் பிரித்துக்கொண்டு தொண்டு நிறுவனங்களை விசாரித்தார்கள். கொடுத்த பணத்தால் என்ன நடந்தது என்று கேட்டால், பளபளப்பான பிரசுரங்கள்தான் வந்தன. 2007இல் அவர்களில் இருவர், ஹோல்டன் கர்னாஃப்ஸ்கியும் எலி ஹாசென்ஃபெல்டும், வேலையை விட்டுவிட்டு 'கிவ்வெல்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம், ஏன், எந்தக் கணக்கை வைத்து என்று எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிடுவதைத் தொடக்கத்திலேயே கொள்கையாக வைத்துக்கொண்டார்கள்.

அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை, நம்ம ஊர் அரவிந்த் கண் மருத்துவமனையையே எடுத்துக்கொள். டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு 1976இல் பதினொரு படுக்கைகளோடு ஆரம்பித்தது. காசு கொடுக்கிறவர்களின் வரவிலிருந்து, கொடுக்க முடியாதவர்களுக்கு இலவசமாகப் பார்க்கும் ஏற்பாடு. அது நன்றாக ஓடத் தொடங்கியதும் சூத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. 1992இல் லயன்ஸ் சங்கத்தின் உதவியோடு 'லைக்கோ' என்ற பயிற்சி நிறுவனத்தை அமைத்தார்கள். மற்ற ஊர், மற்ற நாட்டுக் கண் மருத்துவமனைகளிலிருந்து டாக்டரும் நிர்வாகியும் ஒரு குழுவாக வந்து, முகாம் நடத்துவது எப்படி, பதிவேடு வைப்பது எப்படி, ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவரைத் தயார் செய்வது எப்படி என்று கற்றுக்கொண்டு போகிறார்கள். அதே 1992இல்தான் அவர்களுடைய கண் லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப் தொடங்கியது. அப்போது வெளிநாட்டிலிருந்து வந்த கண் லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவில் இருந்தது. ஆரோலேப் அதைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தது, பிறகு விலை இன்னும் இறங்கியது. லென்ஸ் செய்யும் அந்த நுட்பமும் சேவா ஃபவுண்டேஷன் மூலமாக வெளியிலிருந்து வந்து சேர்ந்ததுதான். நாட்டில் இருக்கும் கண்புரையை ஒரு மருத்துவமனை மட்டும் தீர்த்துவிட முடியாது. ஆகவே இன்னொரு மருத்துவமனை தேறினால் நமக்கு நஷ்டம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இதில் நீ கவனிக்க வேண்டியது, அவர்கள் வெற்றிக் கதையைச் சொல்லி அனுப்பிவிடுவதில்லை என்பது. நடைமுறையையே கையில் கொடுக்கிறார்கள். நீங்களும் கோவைக்கு முடிவுகளை மட்டும் அனுப்பாதீர்கள். டிரஸ்டுகளிடம் கேட்ட கேள்விகளின் பட்டியல், முதல் கடிதத்தின் வாசகம், நேரில் போனபோது என்ன பதிவேட்டைக் காட்டச் சொன்னீர்கள் என்பது, எல்லாம் போகட்டும்.

இனி டேப்லெட் விஷயம். நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய டேப்லெட்டுகள் பள்ளிக்கூட பீரோவில் கிடக்கின்றன. வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று உன் நண்பர் நினைக்கிறார். வங்கதேசத்தில் நடந்ததை அவருக்குச் சொல்.

அங்கே வடக்கே ரங்பூர் பகுதியில் நடவு முடிந்து அறுவடை வரும்வரை, செப்டம்பர் முதல் நவம்பர் வரை, கூலி வேலை கிடைக்காது. வீட்டில் அரைப் பட்டினி. இந்தக் காலத்துக்கு அங்கே 'மொங்கா' என்று பெயர். 2008இல் ஆய்வாளர்கள் பஸ் செலவுக்கென்று சுமார் எட்டரை டாலர் கொடுத்து, வெளியூர் போய் வேலை தேடச் சொல்லிப் பார்த்தார்கள். நிறையப் பேர் கிளம்பினார்கள், வீட்டிலிருந்தவர்களின் சாப்பாடும் கூடியது. எவிடென்ஸ் ஆக்‌ஷன் என்ற நிறுவனம் இதை 'நோ லீன் சீசன்' என்று பெயரிட்டு, பஸ் செலவைக் கடனாகக் கொடுத்துப் பெரிய அளவில் நடத்தியது. 2017 நவம்பரில் கிவ்வெல் இதைத் தன் முதன்மைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அந்த வருஷப் பருவத்தை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், கடன் கொடுத்த ஊர்களுக்கும் கொடுக்காத ஊர்களுக்கும் வெளியூர் போனவர்கள் எண்ணிக்கையில் வித்தியாசமே தெரியவில்லை. பட்டியலில் முதல் வரிசை, வரவு குறைவில்லை. பேசாமல் இருந்திருந்தால் இன்னும் சில வருஷம் ஓட்டியிருக்கலாம். எவிடென்ஸ் ஆக்‌ஷன்காரர்கள் 2018இல் முடிவைத் தாங்களே வெளியிட்டு, அந்தத் திட்டத்துக்குப் புதிதாகப் பணம் கேட்பதை நிறுத்தினார்கள். 2019இல் திட்டத்தையே மூடினார்கள். சின்ன அளவில் பலித்தது பெரிய அளவில் ஏன் பலிக்கவில்லை என்று பிறகு ஆராய முடிந்ததும், அது வெளியே வந்ததால்தான்.

கிவ்வெல்காரர்களும் தங்கள் தவறுகளைப் பட்டியல் போட்டுப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். ஆரம்ப காலத்தில் நிறுவனரே வேறு பெயரில் தன் நிறுவனத்தைச் சிபாரிசு செய்து எழுதி மாட்டிக்கொண்டதும் அதில் இருக்கிறது. நான் தணிக்கை செய்த எந்த டிரஸ்டும் தன் ஆண்டறிக்கையில் அப்படியொரு வரி எழுதிப் பார்த்ததில்லை.

டேப்லெட்டை மறைத்துக் கொடுத்தால், கோவைக்காரர்கள் அடுத்த ஜூனில் இன்னொரு பள்ளிக்கு டேப்லெட் வாங்கிக் கொடுப்பார்கள். விலை, எத்தனை நாள் பிள்ளைகள் தொட்டார்கள், யார் சார்ஜ் போடவேண்டும் என்று பேசாமல் விட்டது எல்லாவற்றையும் எழுது. உங்கள் ஷீட்டிலேயே அவர்களுக்கு அதிகப் பணம் மிச்சப்படுத்தப் போவது அந்த வரிதான்.

கொடுத்தால் குறை சொல்வார்கள் என்பதும் உண்மை. கென்யாவின் பூசியா மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுத்து ஆய்வு செய்த மிகேலும் கிரெமரும் தங்கள் மூலத் தரவை மறு ஆய்வுக்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். 2015இல் மறு ஆய்வுக்காரர்கள் அந்தக் கணக்கில் பிழைகள் இருப்பதாக எழுத, பெரிய சண்டையே நடந்தது. கிரெமருக்கு 2019இல் நோபல் பரிசு வந்ததை அது தடுக்கவில்லை. மாத்திரையின் பலனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இப்போது முன்பைவிட நிதானமாகப் பேசுகிறார்கள்.

உன் ஷீட்டில் எனக்குப் பிடிக்காத ஓர் இடம் உண்டு. பல டிரஸ்டுகளுக்கு நேராக வெறுமனே 'வேண்டாம்' என்று போட்டிருக்கிறாய். ஏன் வேண்டாம்? கடிதத்துக்குப் பதில் வரவில்லையா, நல்ல வேலைதான் ஆனால் பணம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறதா, கணக்கு இடித்ததா? மூன்றும் ஒன்றல்ல. காரணம் இல்லாத 'வேண்டாம்' நாலு கை மாறினால் 'மோசடி' ஆகிவிடும். காரணத்தையும் பார்த்த தேதியையும் எழுது. கணக்கில் சந்தேகம் என்றால், முதலில் அந்த டிரஸ்டுக்கே அனுப்பிப் பதில் கேள், பதிலையும் பக்கத்தில் சேர்.

ஷீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டியதும் இருக்கிறது. விடுதிப் பிள்ளைகளின் போட்டோ, பெயர், அப்பா சிறையில் இருக்கிறார் என்ற குறிப்பு, இவையெல்லாம் உங்கள் சொத்து இல்லை, கொடுக்க உங்களுக்கு உரிமையும் இல்லை.

ஷீட்டைப் பகிர்ந்தபிறகு பணத்தையும் ஒரே கணக்கில் போடலாம் என்று யாராவது கிளம்புவார்கள். வேண்டாம். ஒருவர் கணக்கிலிருந்து மொத்தமாகப் போனால் வரிவிலக்கு ரசீது அவர் பெயருக்கே வரும். அவரவர் கணக்கிலிருந்து நேராக டிரஸ்டுக்குப் போகட்டும். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட உன் தோழியின் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின் கீழ் பதிவோ முன் அனுமதியோ உள்ள டிரஸ்டுதான் அதை வாங்கலாம். 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய டிரஸ்ட் அதை இன்னொரு டிரஸ்டுக்குக் கைமாற்றவும் முடியாது. களத்தில் இருக்கும் சின்ன டிரஸ்டுகளுக்கு இதனால் பெரிய அடி. அது சரியா என்று கேட்டால் நான் சரியில்லை என்பேன். ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

ஒரே பெரிய கையை நம்புவதிலும் ஜாக்கிரதை. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் கிரிப்டோ நிறுவனம் கவிழ்ந்தபோது, அதன் அறநிதியை நம்பித் திட்டம் போட்டிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அவர்களும் உங்களைப் போலக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற கூட்டம்தான்.

கடைசியாக ஆடிட்டர் புத்தி. நிர்வாகச் செலவு விகிதத்தை வரவு செலவு அறிக்கையை மட்டும் வைத்துப் போட்டிருக்கிறாய். கார்பஸ் நன்கொடை, அதாவது மூலநிதிக்கு வந்த பணம், அதில் வராது, நேரே பேலன்ஸ் ஷீட்டுக்குப் போகும். அந்த வருஷம் கட்டிய கட்டடச் செலவும் அதில் முழுதாகத் தெரியாது. அதனால்தான் பதினேழாம் வரியில் இருக்கும் முதியோர் இல்லம் வீண்செலவு செய்வதுபோலத் தோன்றுகிறது. பேலன்ஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்து மறுபடி போடு. அதற்காக அனுப்புவதைத் தள்ளிப்போடாதே. அந்த வரிக்குப் பக்கத்தில் 'திருத்தம் நடக்கிறது' என்று எழுதி இந்த வாரமே கோவைக்கு அனுப்பிவிடு. அவர்களிடம் ஆடிட்டர் இருந்தால் உனக்கு முன்னால் அவரே போட்டுவிடுவார்.

அன்புடன்,
சித்தப்பா