லைட் கத்தி எரியவில்லையா? நாமே பிரித்துப் பார்க்கலாம்



ஊர்த் திருவிழா முடிந்து நாங்கள் குழுக் கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் எரியாத லைட் கத்தி ஒன்று கிடக்கும். வாங்கிய ராத்திரி சிவப்பும் நீலமுமாக மின்னியிருக்கும். ரெண்டாம் நாள் அணைந்து போயிருக்கும். பிள்ளை அழும். "கடைச் சாமான், அவ்வளவுதான்" என்று நாமும் மூலையில் போட்டுவிடுவோம். ஆனால் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் சின்னக் கோளாறுதான். ஒரு வயர் விட்டிருக்கும், இல்லையென்றால் ஸ்பிரிங்கில் துரு ஏறியிருக்கும்.

மின்சாரம் பேட்டரியில் கிளம்பி, சுவிட்ச், சின்ன சர்க்யூட் அட்டை, பல்பு என்று போய் மறுபடி பேட்டரிக்கே வந்து சேர வேண்டும். தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்றால் மோட்டார் பக்கமிருந்து வாய்க்காலைப் பார்த்துக்கிட்டே போவோம் இல்லையா? அதே மாதிரி இங்கே பேட்டரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரிக்காதீர்கள். கைப்பிடியில் உள்ள திருகைச் சின்ன ஸ்டார் திருப்புளியால் கழற்றுங்கள். உள்ளே பெரும்பாலும் சட்டைப் பொத்தான் அளவுக்கு மூன்று பட்டன் செல் அடுக்கியிருக்கும். எல்.ஆர்.44 அல்லது ஏ.ஜி.13 என்று எழுதியிருக்கும். ரெண்டும் ஒரே அளவுதான். ஒன்றுக்கு 1.5 வோல்ட், மூன்றும் சேர்ந்து 4.5 வோல்ட். வெளியே எடுத்ததும் எண்ணி, ஒரு டப்பாவில் போட்டு மூடி, மேலே எட்டாத இடத்தில் வையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறோம்.

புதுக் கத்தியே எரியவில்லை என்றால், செல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அதை உருவினால்தான் எரியும். செல்லைத் திருப்பிப் போட்டிருந்தாலும் எரியாது. பட்டன் செல்லில் எழுத்துள்ள அகலமான தட்டைப் பக்கம்தான் பிளஸ். வெளிச்சம் மங்கி, சத்தமும் இழுத்து இழுத்து வந்தால் செல் தீர்ந்துபோச்சு என்று அர்த்தம். மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பழசோடு புதுசைக் கலந்தால் பழைய செல் கசியும். மல்டிமீட்டர் இருந்தால் 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, சுவிட்சைப் போட்டபடியே அளந்து பாருங்கள். சும்மா வைத்து அளந்தால் செத்த செல்கூட நல்ல செல் மாதிரி அளவு காட்டும்.

ஸ்பிரிங்கில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அது செல் கசிந்த உப்பு. வெறும் கையால் தொட வேண்டாம். பழைய பல் துலக்கும் பிரஷால் உதிர்த்து, உப்புத்தாளால் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிடுங்கள். பல கத்திகள் இதோடு எரிந்துவிடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அப்படியும் எரியவில்லையா? சுவிட்சின் பின்னால் வயர் ஒட்டியிருக்கும் ரெண்டு புள்ளிகளையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துத் தொடுங்கள். எரிந்தால் சுவிட்ச்தான் கோளாறு. சத்தம் வருகிறது, வெளிச்சம் மட்டும் இல்லை என்றால் கைப்பிடியும் கத்தியும் சேரும் கழுத்தைப் பாருங்கள். நம்ம பிள்ளைகள் அதைக் கத்தியாகவா வைத்திருக்கிறார்கள்? தூண், ஆடு, தம்பி முதுகு என்று எல்லாவற்றிலும் அடித்துப் பார்ப்பார்கள். அடிக்கிற அதிர்ச்சியெல்லாம் அந்தக் கழுத்தில்தான் இறங்கும், மெல்லிய வயர் அங்கேதான் ஈயத்தை விட்டு வரும். வயர் நுனியைக் கால் அங்குலம் சீவி, சுத்தம் செய்து, பழைய இடத்திலேயே ஈயம் வைக்க வேண்டும். ஈயம் வைக்கும் கருவி இல்லாவிட்டால் செல்போன் ரிப்பேர் கடையில் கேளுங்கள், ரெண்டு நிமிட வேலை. வீட்டில் வைப்பதானால் சமையல் இடத்தில் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஒரு பல்பு மட்டும் எரியவில்லை என்றால் அதைத் தனியாகச் சோதிக்கலாம். ரெண்டு பட்டன் செல்லை ஒரே திசையில் அடுக்கி, பல்பின் பிளஸ் காலை பிளஸ் பக்கமும் மறு காலை மைனஸ் பக்கமும் ஒரு நொடி தொடுங்கள். புது எல்.இ.டி.யில் நீளமான கால் பிளஸ். கால் வெட்டிய பல்பில் அது தெரியாது, ஆகவே திருப்பியும் தொட்டுப் பாருங்கள். ரெண்டு பக்கமும் எரியாவிட்டால் பல்பை மாற்ற வேண்டியதுதான்.

அட்டையில் கறுப்பாகச் சொட்டு விட்ட மாதிரி இருப்பதுதான் மின்ன வைக்கும் சிப். அது போனால் சரிசெய்ய முடியாது. அட்டையை விட்டுவிட்டு, ஒவ்வொரு பல்புக்கும் ஒரு 150 ஓம் ரெசிஸ்டர் வைத்துச் சுவிட்சோடு இணைத்தால், மின்னாது, ஆனால் நின்று எரியும். செல்போன் சார்ஜரிலோ வீட்டுப் பிளக்கிலோ மட்டும் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

புதுச் செல்லும் கூலியும் சேர்த்துக் கத்தியின் விலையைத் தாண்டினால் விட்டுவிடுங்கள் என்றுதான் நாங்கள் சொல்லுவோம்.

இப்போது அந்த டப்பா விஷயம். எரிந்ததும் சந்தோஷத்தில் மூடியைத் திருகாமல் பிள்ளை கையில் கொடுத்துவிடாதீர்கள். திருகு தொலைந்திருந்தால் வேறு திருகு போடும்வரை கத்தி பரண் மேலேயே இருக்கட்டும். நிலக்கடலைப் பருப்பு அளவுள்ள இந்தச் செல்லைச் சின்னப் பிள்ளை வாயில் போட்டு அது உணவுக்குழாயில் மாட்டினால், எச்சில் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து 2 மணி நேரத்துக்குள் சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். செல் தீர்ந்துபோனது என்று நினைக்காதீர்கள். பொம்மையை எரிக்கப் பத்தாத செல்லிலும் பிள்ளையைப் புண்ணாக்கும் அளவு மின்சாரம் மிச்சம் இருக்கும். மூக்கில், காதில் திணித்தாலும் இதே ஆபத்துதான்.

காசு முழுங்கினால் வாழைப்பழம் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பட்டன் செல்லுக்கு அதைச் செய்யாதீர்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. எச்சில் ஒழுகும், சாப்பிட மறுக்கும், இருமும். சில பிள்ளைகளுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. முழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே 108-ஐக் கூப்பிட்டு, எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீதிச் செல்லையோ கத்தியையோ கையோடு எடுத்துப் போய், "பட்டன் பேட்டரி" என்று முதலிலேயே சொல்லுங்கள். டப்பாவில் மூன்றை எண்ணிப் போடச் சொன்னது இதற்காகத்தான்.

தீர்ந்த செல்லை அடுப்பில் போட்டால் வெடிக்கும். ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, மற்ற குப்பையோடு கலக்காமல் தூய்மைக் காவலரிடம் தனியாகக் கொடுங்கள். அடுத்த திருவிழாவில் வாங்கும்போது பேட்டரி மூடியில் திருகு இருக்கிறதா என்று கடையிலேயே புரட்டிப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதையும் கேளுங்கள்.