நெடுந்தூர நடை: உடலும் உள்ளமும்

1998ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற காமன்வெல்த் போட்டியில், 50 கிலோமீட்டர் வேகநடையில் தங்கம் வென்றவர் ஜி. சரவணன். இதனை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் எடுத்துக்கொண்ட நேரம் 4 மணி 10 நிமிடம் 5 விநாடி. வகுத்துப் பாருங்கள் நண்பர்களே, கிலோமீட்டருக்கு 5 நிமிடம்! நம்மில் பலரால் ஓடியும்கூட இவ்வேகத்தை அரைமணி நேரம் தாங்க இயலாது. இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியரான டுவேன் கசின்ஸ் பின்தங்கியது 25 விநாடிதான். கிலோமீட்டருக்கு அரை விநாடி.

வேகநடையில் பார்வைக்குத் தெரியும்படி இரு பாதங்களும் ஒருசேரத் தரையைவிட்டு எழக்கூடாது. முன்வைத்த கால் தரையைத் தொட்டது முதல் உடல் அதன்மேல் நேராக வரும்வரை முழங்கால் மடங்கக்கூடாது. களைத்தவனுக்கு முதலில் மடங்குவது முழங்கால்தான். இடைநிலைப்பள்ளியில் 5,000 மீட்டர் நடையில், கடைசி இரண்டு சுற்றில் முந்த ஆசைப்பட்டு மூன்று சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியவன் நான். அன்று நடுவர்மீது கோபம் வந்தது. தவறு என் முழங்காலுடையது.

இப்பொழுது விடுமுறைதோறும் கோலசிலாங்கூர் பக்கமுள்ள எங்கள் தோட்டத்துச் செம்பனைச் சாலையில் பயிற்சி செய்கிறேன். வாரத்தில் ஒருநாள் மட்டும் நீண்ட நடை; மற்ற நாள்களில் பேசிக்கொண்டே நடக்கக்கூடிய மெதுவான வேகம். தூரத்தைச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண்களுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

சென்ற விடுமுறையில் 32ஆவது கிலோமீட்டரில் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். மனம் தளர்ந்தது என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு படித்தபோது விளங்கியது. தசையிலும் கல்லீரலிலும் சேமித்த மாவுச்சத்து சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அது மெதுவாகத்தான் எரியும். நம் நாட்டு ஈரக்காற்றில் வியர்வை உலராமல் வழிகிறது, உடல் குளிர்வதில்லை, உப்பு மட்டும் போகிறது. நானோ வெறுந்தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தேன். அளவுக்கு மீறினால் அதுவே இரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆபத்தாகும். மூளைக்குச் சர்க்கரை குறைந்தால் மனமும் சோர்கிறது. மன உறுதியைப் பற்றிப் பேசுவோர் வயிற்றை மறந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

பாட்டியிடம் சொன்னேன். கித்தா மரம் வெட்டி வளர்த்த குடும்பம் எங்களுடையது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 மரம்.

"மொத நெரையிலேயே வேகத்தக் காட்டுனா கடைசி நெரையில கத்தி பட்டையத் தாண்டி மரத்துல எறங்கிடும்யா. அஞ்நூறுன்னு எண்ணவே மாட்டேன். அடுத்த மரம், அவ்வளவுதான்" என்றார்.

நடைவீரர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். 50 கிலோமீட்டர் நடையின் போட்டிப் பாதை பெரும்பாலும் 2 கிலோமீட்டர் சுற்றாக இருந்தது. 25 சுற்றையும் மனத்தில் சுமப்பதில்லை.

2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கோடு 50 கிலோமீட்டர் நடை அங்கிருந்து நீக்கப்பட்டுவிட்டது. "இல்லாத போட்டிக்கு எதற்குடா பயிற்சி?" என்று அறைத்தோழன் கேட்கிறான். அந்த 32ஆவது கிலோமீட்டருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். வரும் சனிக்கிழமை விடியற்காலை நாலரைக்குப் புறப்படுகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் வீட்டு வாசலில் உப்புப் போட்ட கஞ்சியோடு நிற்பதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார்.