முதலில் சந்தை நாளைப் பாருங்கள்

மலைக்கிராமத்தின் வருங்காலப் பிழைப்பைப் பற்றி ஊர் மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறோம், எப்படி நடத்துவது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பழக்கமான கொல்லிமலையை வைத்தே சொல்கிறேன்.

தேதியிலிருந்து தொடங்குங்கள். சந்தை நாளில் கூட்டம் வைத்தால் பாதி ஊர் சோளக்காட்டிலோ செம்மேட்டிலோ நிற்கும். தை, மாசியில் மிளகு பறிப்பு; யாரும் வரமாட்டார்கள். ஆடி 18-க்கு அறப்பளீசுவரர் கோயிலுக்கு வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் ஊர் திரும்பியிருப்பார்கள். திருவிழா முடிந்த மறுநாள், பஸ் ஏறுவதற்கு முன், அவர்களைப் பிடியுங்கள். அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாளில் ஆகஸ்ட் 15 கிராம சபை வந்துவிடும். பேச்சையெல்லாம் அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்; வரவு செலவு, பயனாளிகள் பட்டியல் என்று அன்றைய நிகழ்ச்சி நிரல் ஏற்கெனவே நிரம்பி வழியும். குக்கிராமம் குக்கிராமமாக முன்பே உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு, தீர்மான வாசகத்தோடு சபைக்குப் போங்கள். கோரமும், அதாவது குறைந்தபட்ச வருகையும், பார்த்துக்கொள்ளுங்கள்: 500-க்கு மேல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர், 10,000 வரை 200 பேர் வர வேண்டும்.

மேடை, மைக் வேண்டாம், ஒரு மரத்தடி போதும். நாற்காலி போட்டால் அதில் யார் உட்காருவார் என்று ஊருக்கே தெரியும். பிறகு அவர் மட்டும்தான் பேசுவார்.

'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று மட்டும் கேட்காதீர்கள். ரோடு, தண்ணீர்த் தொட்டி, சமுதாயக்கூடம் என்று பதில் வரும். வந்தவர் கையில் கொடுப்பதற்கு என்ன இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் ஊர் வாயைத் திறக்கும். அதற்குப் பதில் தரையில் பன்னிரண்டு கட்டம் போட்டு, சித்திரை முதல் பங்குனி வரை எந்த மாதம் வீட்டுக்குக் காசு வந்தது, எந்த மாதம் கடன் வாங்கினார்கள் என்று காப்பிக்கொட்டையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மிளகு கொடியில் பச்சையாக இருக்கும்போதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது அந்தக் கட்டங்களில் தெரிந்துவிடும். முன்பணம் வாங்கியவர் சரக்குக்கு விலை சொல்ல முடியாது. இது தெரியாமல் 'மிளகில் மதிப்புக்கூட்டல் பயிற்சி' என்று எழுதிக்கொண்டு வந்தால் பயிற்சி நன்றாகவே நடக்கும், மிளகு பழைய வியாபாரிக்கே போகும். அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது கையில் காசில்லாத மாதத்தில் கூட்டுறவு சங்கத்திலிருந்து ஒரு சின்னக் கடன்.

பெண்களிடம் தனியாகப் பேசுங்கள், பேசுவதும் ஒரு பெண்ணாக இருக்கட்டும். விறகும் தண்ணீரும் வந்து சேர்ந்த பிறகு போங்கள். கொல்லிமலையில் சாமை, கேழ்வரகு விளைந்த நிலம் பலவற்றில் மரவள்ளி ஏறியது ஏன் என்று ஆண்களைக் கேட்டால் விலை என்பார்கள். கீழே சேகோ ஆலைகள் இருக்கின்றன, கிழங்குக்குக் கிராக்கி உண்டு, சொல்வது சரிதான். பெண்களைக் கேட்டால் உலக்கை என்பார்கள். சாமையின் உமி லேசில் போகாது. குத்திப் புடைத்து அரிசியாக்கும் பாடு முழுக்க அவர்கள் தோளில். ரேஷன் அரிசியோ களைந்து அப்படியே உலையில் போடலாம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் சிறுதானியத்தை மீட்க இறங்கியபோது, விதையோடு நிற்காமல் அரவை இயந்திரங்களையும் மகளிர் குழுக்களிடம் கொண்டுபோனது. சாமைக்கு விலை கூட்டிக் கொடுத்தால் போதும் என்று நானே ஒரு காலத்தில் பேசித் திரிந்திருக்கிறேன். உலக்கை பிடித்தவர்களைக் கேட்காத பேச்சு அது.

காடு சம்பந்தப்பட்ட பேச்சு என்றால் விதி வேறு. 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் கூடும் கிராம சபையில், 2012-இல் திருத்திய விதிகளின்படி, உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். சாதாரண சபையின் கோரத்தை வைத்து இதை நடத்தினால், எடுத்த முடிவு பின்னால் நிற்காது.

இனி தீர்மானம். 'விவசாயிகளின் வாழ்வாதாரம் மேம்படுத்தப்பட வேண்டும்' என்று எழுதினால் எந்த அதிகாரியும் மறுக்கமாட்டார், எதையும் செய்யவும் மாட்டார். இன்ன குக்கிராமத்தில், இன்ன மகளிர் குழுவின் பொறுப்பில், மும்முனை மின் இணைப்போடு சாமை உமி நீக்கும் இயந்திரம் ஒன்று என்று எழுதுங்கள். வாசித்துக் காட்டி, அவர்கள் திருத்தம் சொன்னால் திருத்தி, மறுபடி வாசித்த பிறகே கையெழுத்து. ஒருமுறை வேறொரு மலையில், வந்தவுடனேயே வருகைக்கென்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டோம். கூட்டத்தில் யாரும் பேசாத ஒரு தீர்மானம் பிறகு அதற்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த தடவை போனபோது தண்ணீர் கொடுத்தார்கள், பேச்சுக் கொடுக்கவில்லை. எழுதிய பக்கத்தை அங்கேயே போனில் படமெடுத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போங்கள், ஒன்றும் கிடைக்காவிட்டாலும். எது நடந்தது, எது நடக்கவில்லை, எந்த அலுவலகத்தில் என்ன காரணம் சொன்னார்கள் என்பதை அதே மரத்தடியில் உட்கார்ந்து சொல்லுங்கள். கார்த்திகை பிறந்திருக்கும், பலர் காட்டு வேலையில் இருப்பார்கள். சாயங்காலமாகப் போவது நல்லது.